லேடெக்ஸ் மெத்தையை மொட்டை மாடி வெயில்ல போடலாமா? கறை, வாடை, பூஞ்சை... சுத்தம் செய்வது எப்படி? முழு விவரம்

வெயில் நல்லா அடிக்குதா? மெத்தையைத் தூக்கி மொட்டை மாடியில் போடு! ஈரம், வாடை, மூட்டைப்பூச்சி என எல்லாவற்றுக்கும் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் ஒரே வைத்தியம் இதுதான். இலவம் பஞ்சு மெத்தைக்கு இந்த வைத்தியம் சரி. ஆனால், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து, சிலர் இஎம்ஐ போட்டும் வாங்கும் லேடெக்ஸ் மெத்தைக்கு இதையே செய்தால், அதன் ஆயுளை நாமே குறைத்துவிடுகிறோம்.

தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. வெயிலில் காயவைக்கக் கூடாது. எண்ணெய் படக் கூடாது. அப்போ எப்படித்தான் சுத்தம் செய்றது? குழந்தை படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிட்டால்? மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

லேடெக்ஸ் என்பது என்ன?

ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவினால் வடியும் வெள்ளைப் பால்தான் லேடெக்ஸ். அமேசான் காடுகளைச் சேர்ந்த இந்த மரத்தின் விதைகளை, 1876-ல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலில் இருந்து லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கும், பிறகு தென்கிழக்கு ஆசியாவுக்கும் வந்தன. இன்று இந்தியாவில் ரப்பர் உற்பத்தியில் முதலிடம் கேரளாவுக்கு. தமிழ்நாட்டில் ரப்பர் என்றாலே கன்னியாகுமரி மாவட்டம்தான்.

இந்தப் பாலில் கந்தகம் சேர்த்து, நுரை பொங்க அடித்து, அச்சில் ஊற்றி, வெப்பத்தில் இறுகவைத்தால் மெத்தைக்கான ஃபோம் தயார். 1929-ல் பிரிட்டனின் டன்லப் நிறுவனத்தில் உருவான முறை இது. அச்சில் உள்ள நுரையை வெற்றிடத்தில் விரியவைத்து, உறையவைத்து, பிறகு சூடாக்குவது டலாலே முறை. கடையில் இந்த இரண்டு பெயர்களும் காதில் விழும். எதை வாங்கினாலும் பராமரிப்பு ஒன்றுதான்.

உங்க மெத்தை லேடெக்ஸ்தானா?

சுத்தம் செய்யும் முன் இதை உறுதி செய்துகொள்வது நல்லது. மெத்தையின் ஓரத்தில் ஜிப் இருந்தால் கொஞ்சம் திறந்து பாருங்க. லேடெக்ஸ் என்றால் பெரும்பாலும் வரிசையாகச் சின்னச் சின்ன துளைகள் தெரியும். கையால் அழுத்திவிட்டு எடுத்தால் உடனே பழைய நிலைக்குத் துள்ளி எழும். கைத்தடம் பதிந்து மெதுவாக மறைந்தால் அது மெமரி ஃபோம்.

எடையும் ஒரு அடையாளம். 78 x 72 அங்குல அளவில், 6 அங்குல உயரமுள்ள முழு லேடெக்ஸ் மெத்தை சுமார் 40 கிலோ வரை இருக்கும்.

இன்னொரு விஷயம். 'லேடெக்ஸ் மெத்தை' என்று விற்கப்படும் எல்லாமே முழுக்க லேடெக்ஸ் அல்ல. மேலே ஓரிரு அங்குலம் மட்டும் லேடெக்ஸ், கீழே சாதாரண ஃபோம் அல்லது தென்னை நார் என்றும் வரும். அப்படிப்பட்ட மெத்தையைத் தலைகீழாகப் புரட்டிப் போடக் கூடாது. பில்லையும், மெத்தையில் தைத்திருக்கும் லேபிளையும் ஒருமுறை படித்துவிடுங்க.

வெயில் ஏன் ஆகாது?

ஜன்னல் ஓரமாக மாதக்கணக்கில் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்து இழுத்திருக்கீங்களா? படக்கென்று அறுந்துவிடும். சில நேரம் பிசுபிசுவென்று ஒட்டும். லேடெக்ஸ் மெத்தைக்கும் வெயிலில் அதேதான் நடக்கிறது.

ரப்பர் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் தன்மை இந்தச் சங்கிலிகளால்தான் கிடைக்கிறது. அதில் உள்ள இரட்டைப் பிணைப்புகள்தான் பலவீனமான இடம். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரும், வெப்பமும், காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் சேர்ந்து அந்த இடங்களைத் தாக்குகின்றன. சங்கிலி அறுபட அறுபட, ரப்பர் முதலில் மஞ்சளாகும், பிறகு இறுகும், கடைசியில் மாவு போல் உதிரும்.

பஞ்சு அப்படி இல்லை. வெயில் பட்டால் ஈரம் போய், அமுங்கிய பஞ்சு உப்பி எழும். அதனால்தான் பாட்டி காலத்து வைத்தியம் பஞ்சு மெத்தைக்குப் பலித்தது. அதற்காக ஒருநாள் தெரியாமல் வெயிலில் போட்டதும் மெத்தை வீணாகிவிடாது. அதை மாதாமாதம் வழக்கமாக வைத்துக்கொள்வதுதான் பிரச்சினை. காற்றாட விட வேண்டும் என்றால் நிழலில் விடுங்க. ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டாலே போதும்.

தண்ணீர் ஏன் ஆகாது?

லேடெக்ஸ் ஃபோம் ஒரு பெரிய ஸ்பாஞ்ச் மாதிரி. தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்கிவிடும். பிழிந்து எடுக்க வழியில்லை. ஏற்கெனவே 40 கிலோ இருக்கும் மெத்தை, நனைந்தால் இன்னும் கனக்கும். அந்தக் கனத்தோடு தூக்கினால் சொந்த எடை தாங்காமல் கிழியவும் வாய்ப்பு உண்டு. நடுப்பகுதி காய நாள் கணக்காகும். அதற்குள் பூஞ்சை வந்துவிடும்.

அதனால் வாஷிங் மெஷின், ஹோஸ் பைப், ஸ்டீம் கிளீனர் மூன்றுமே லேடெக்ஸுக்கு வேண்டாம். துவைக்க வேண்டியது மேலே உள்ள துணியைத்தான், லேடெக்ஸை அல்ல. மொத்தப் பராமரிப்பும் இந்த ஒரு வரிதான்.

முதல் செலவு: புரொடெக்டர்

மெத்தை வாங்கிய அன்றே வாங்க வேண்டியது வாட்டர்ப்ரூஃப் மெத்தை புரொடெக்டர். ஒரு பக்கம் பருத்தி டவல் துணி, அடியில் மெல்லிய நீர் புகாத படலம் இருக்கும் வகை நல்லது. வியர்வை, சிந்திய காபி, குழந்தையின் சிறுநீர் எல்லாம் அதோடு நின்றுவிடும். கழற்றித் துவைத்துவிட்டு மறுபடி மாட்டலாம்.

முழுக்க பிளாஸ்டிக் ஷீட்டை நிரந்தரமாக விரித்து வைப்பதைத் தவிர்க்கலாம். காற்று போகாது, வியர்த்துக் கொட்டும், அடியில் ஈரம் தேங்கும்.

மெத்தையோடு வரும் ஜிப் உறையைத் துவைக்கலாமா என்பதற்கு லேபிளைத்தான் பார்க்க வேண்டும். சில உறைகளைத் துவைக்கலாம். உள்ளே கம்பளி வைத்துத் தைத்த உறைகள் தண்ணீரில் சுருங்கிவிடும். சில நிறுவனங்கள் உறையைக் கழற்றவே கூடாது என்றும் சொல்கின்றன. துவைக்கலாம் என்றால் குளிர்ந்த நீரில் துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். உறை இல்லாமல் கிடக்கும் நேரத்தில் லேடெக்ஸ் மீது வெயில் படாமல் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடிவையுங்க.

எப்போது என்ன செய்ய வேண்டும்?

தினமும்: எழுந்ததும் போர்வையை மடித்து மெத்தை மேலேயே அடுக்கிவிடாதீர்கள். அரை மணி நேரமாவது திறந்து கிடக்கட்டும். இரவு முழுக்க இறங்கிய உடல் ஈரம் வெளியேற வேண்டும்.

வாரம் ஒருமுறை: பெட்ஷீட், தலையணை உறையைத் துவைக்க வேண்டும். மொட்டை மாடிக்குப் போக வேண்டியது இவைதான். இவற்றை நல்ல வெயிலில் தாராளமாகக் காயப்போடலாம்.

மாதம் ஒருமுறை: புரொடெக்டரைத் துவைத்து, மெத்தையின் மேல்பகுதி, தையல் ஓரங்களில் உள்ள தூசியை வேக்யூம் கிளீனரால் எடுக்க வேண்டும். சோபாவுக்கான முனையை மாட்டி, குறைந்த வேகத்தில் வைத்தால் போதும். வேக்யூம் இல்லையா? மென்மையான பிரஷ் அல்லது உலர்ந்த துணியே போதும். தடியால் அடித்துத் தூசி தட்டும் வேலை வேண்டாம், லேடெக்ஸ் கிழிந்துவிடும்.

3 மாதத்துக்கு ஒருமுறை: தலைப்பக்கம் கால்பக்கமாக மெத்தையைத் திருப்பிப் போட வேண்டும். ஒரே இடம் அமுங்குவது குறையும். ஒரு வருடத்துக்குப் பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை போதும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் மெத்தை என்றால் மட்டுமே புரட்டிப் போடலாம்.

கறை பட்டால் என்ன செய்வது?

எந்தக் கறையாக இருந்தாலும் முதல் விதி ஒன்றுதான். தேய்க்காதீங்க, ஒற்றி எடுங்க. தேய்த்தால் கறை பரவும், உள்ளேயும் இறங்கும்.

காபி, டீ, குழம்பு: வெள்ளைத் துணியால் அழுத்தி ஒற்றி ஈரத்தை எடுக்கவும். ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில துளிகள் கலந்து, துணியை அதில் நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, கறை மீது ஒற்றவும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சோப்பை எடுக்கவும். கடைசியாக உலர்ந்த டவலால் அழுத்தி ஒற்றிவிட்டு ஃபேன் காற்றில் காயவிடவும். மஞ்சள் கறை முழுசாகப் போகாமல் லேசாகத் தங்கலாம். அதற்காகப் பிளீச் ஊற்ற வேண்டாம்.

ரத்தக் கறை: குளிர்ந்த தண்ணீர் மட்டும். சுடுதண்ணீர் பட்டால் கறை துணியிலேயே உறைந்து பிடித்துக்கொள்ளும்.

சிறுநீர்: டவலை வைத்து அழுத்தி, முடிந்தவரை ஈரத்தை உறிஞ்ச வேண்டும். வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றவும். ஈரம் குறைந்ததும் சமையல் சோடாவைத் தூவி, இரவு முழுக்க விட்டு, மறுநாள் வேக்யூம் அல்லது பிரஷ்ஷால் எடுத்துவிடலாம். வாடையும் சேர்ந்து குறையும்.

வாந்தி: கெட்டியாக உள்ளதை ஸ்பூன் அல்லது அட்டையால் வழித்து எடுத்துவிட்டு, சிறுநீர்க் கறைக்குச் செய்வதையே செய்யலாம்.

எந்தக் கறையை எடுத்தாலும், மெத்தை முழுசாகக் காயும் வரை பெட்ஷீட் விரிக்கக் கூடாது. மேலே தொட்டால் காய்ந்தது போல் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். ஓர் உலர்ந்த டிஷ்யூ பேப்பரை வைத்து அழுத்திப் பாருங்க. அதில் ஈரம் தெரிந்தால் இன்னும் சில மணி நேரம் ஃபேன் ஓடட்டும். அவசரத்துக்கு ஹேர் டிரையரைச் சூடாக வைத்துக் காட்டுவதும் தவறு.

எண்ணெய்: கண்ணுக்குத் தெரியாத எதிரி

இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. எண்ணெயை உறிஞ்சினால் ரப்பர் உப்பி, மெதுவாகி, வலுவிழந்துவிடும். தலைக்குத் தேங்காய் எண்ணெய், மூட்டுவலிக்குத் தைலம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று இருக்கும் நம் வீடுகளில் இதைக் கவனிப்பது முக்கியம். எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பவர்கள் தலையணை மேலும், தோள்பகுதியிலும் ஒரு பழைய டவலை விரித்துக்கொள்ளலாம். லேடெக்ஸ் தலையணைக்கும் இது பொருந்தும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் போன்றவை இன்னும் மோசம். கறையை எடுக்கவோ, மூட்டைப்பூச்சியை ஒழிக்கவோ இவற்றைத் தொடவே கூடாது. ரப்பரைக் கெடுப்பதோடு தீ விபத்து அபாயமும் இருக்கிறது.

மெத்தை மேலேயே துணி இஸ்திரி போடும் பழக்கம் இருக்கிறதா? அதையும் நிறுத்திவிடுங்க. சூடான ஹாட் வாட்டர் பேக்கை மெத்தை மீது நேராக வைப்பதும் நல்லதல்ல.

மழைக்காலமும் பூஞ்சையும்

லேடெக்ஸில் பூஞ்சையே வராது என்று சில விளம்பரங்கள் சொல்லும். அதை அப்படியே நம்ப வேண்டாம். பருத்தி, தென்னை நாரை விட லேடெக்ஸில் பூஞ்சை பிடிப்பது குறைவுதான். ஆனால் ஈரம் தேங்கினால் உறையிலும், மெத்தையின் அடிப்பகுதியிலும் வரத்தான் செய்யும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலோர மாவட்டங்களில் இது சகஜம்.

பெரும்பாலும் காரணம் கட்டில்தான். பொருள் வைக்கும் பெட்டிக் கட்டில்களில் மேலே முழுப் பலகை இருக்கும். அடியில் காற்றே போகாது. தரையில் நேரடியாக மெத்தையைப் போட்டாலும் இதே நிலைதான். 3 அங்குலத்துக்குள் இடைவெளி விட்ட பலகைச் சட்டங்கள் கொண்ட கட்டில் நல்லது. இடைவெளி அதிகமானால் மெத்தை உள்ளே தொங்கும். பெட்டிக் கட்டில்தான் இருக்கிறது என்றால் பலகையில் ஆங்காங்கே துளை போடச் சொல்லலாம், அல்லது வாரம் ஒருமுறை மெத்தையின் ஒரு பக்கத்தைத் தூக்கி நிறுத்தி ஃபேன் காற்று படவிடலாம். ஓதம் அடிக்கும் சுவரை ஒட்டி கட்டிலைப் போடாமல் அரை அடி தள்ளிப் போடுங்க.

சின்னதாகக் கருப்பு, பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து நன்றாகக் காயவிடலாம். பூஞ்சை உள்ளே வரை பரவி, வாடை போகவே இல்லை என்றால் அந்த மெத்தையை மாற்றுவதே நல்லது. ஆஸ்துமா, சைனஸ் தொல்லை இருப்பவர்கள் வீட்டில் இதில் தாமதம் வேண்டாம்.

வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, சாக்கடை கலந்த தண்ணீரில் மெத்தை மூழ்கிவிட்டதா? எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஈரமான பொருட்களில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். உள்ளே இறங்கிய கிருமிகளைக் கழுவி எடுக்கவும் முடியாது.

தூசிப் பூச்சி, மூட்டைப்பூச்சி வருமா?

கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் நம் உடலில் இருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று வாழ்பவை. ஈரப்பதம்தான் அவற்றுக்கு உயிர். அவை அதிகம் இருப்பது உறை, பெட்ஷீட், தலையணையில். அலர்ஜி உள்ளவர்கள் வீட்டில், துணி தாங்கும் என்றால் பெட்ஷீட்டை 60 டிகிரி செல்சியஸ் சுடுதண்ணீரில் துவைப்பது பலன் தரும்.

மூட்டைப்பூச்சி லேடெக்ஸைத் தின்னாது. ஆனால் உறையின் தையலிலும், கட்டில் இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும். பூச்சி ஒழிப்பு ஆட்களை அழைத்தால் மருந்து கட்டிலுக்கும் சுவர் இடுக்குக்கும்தான், லேடெக்ஸ் மீது அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்க. ஆறு பக்கமும் மூடி ஜிப் போடும் உறையும் உதவும்.

புது மெத்தை வாடை ஆபத்தா?

புதிதாகப் பிரித்ததும் ரப்பர் வாடை வருவது இயல்பு. காற்றோட்டமான அறையில் சில நாட்கள் விட்டால் குறைந்துவிடும். வாசனைத் திரவியம் அடித்து மறைக்க வேண்டாம்.

ஆனால் ரப்பர் கையுறை, பலூன் பட்டால் அரிப்பு, தடிப்பு வருபவர்கள் லேடெக்ஸ் மெத்தை வாங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். லேடெக்ஸ் அலர்ஜி உள்ள சிலருக்கு வாழைப்பழம், கிவி, அவகேடோ சாப்பிட்டாலும் அலர்ஜி வருவதுண்டு.

வீடு மாறும்போது கவனம்

லேடெக்ஸ் மெத்தை அதிகம் கிழிவது வீடு மாற்றும்போதுதான். உறையைப் பிடித்து இழுக்காமல், அடியில் கை கொடுத்து இருவர், முடிந்தால் மூவர் தூக்க வேண்டும். நடுவில் மடித்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினால் கயிறு பட்ட இடத்தில் ஃபோம் வெட்டுப்படும். லாரியில் சமமாகப் படுக்கவைத்து, மேலே பாரம் ஏற்றாமல் கொண்டுபோவதே நல்லது. மாதக்கணக்கில் சுவரில் சாய்த்து வைத்தாலும் வளைந்துவிடும்.

வாரன்டியில் இதைப் பாருங்க

கறை பட்ட மெத்தையையும், உறை கிழிந்த மெத்தையையும் பல நிறுவனங்கள் வாரன்டியில் எடுத்துக்கொள்வதில்லை. பொருத்தமில்லாத கட்டிலில் போட்டதால் பள்ளம் விழுந்தது என்றும் மறுக்கலாம். எத்தனை அங்குலம் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்பது வாரன்டி அட்டையில் இருக்கும். பில், அட்டை, லேபிள் மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்க. லேபிளை வெட்டி எறிய வேண்டாம்.

எப்போது மாற்ற வேண்டும்?

லேசாக மஞ்சளாவது வயதின் அடையாளம் மட்டுமே, பயப்பட வேண்டாம். உறையைத் திறந்தால் மாவு மாதிரி உதிர்ந்து கிடக்கிறதா? அழுத்தினால் எழும்பாமல் இறுகிவிட்டதா? கையில் பிசுபிசுக்கிறதா? படுத்த இடத்தில் நிரந்தரப் பள்ளமா? இவற்றில் ஏதாவது இருந்தால் ரப்பர் சிதையத் தொடங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய வழி இல்லை.

சுருக்கமாக...

* புரொடெக்டர் இல்லாமல் ஒருநாள்கூடப் பயன்படுத்த வேண்டாம்.
* பெட்ஷீட்டுக்கு வெயில், மெத்தைக்கு நிழலும் காற்றும்.
* கறையைத் தேய்க்காமல் ஒற்றி எடுக்கவும். தண்ணீரை ஊற்ற வேண்டாம்.
* எண்ணெய், மண்ணெண்ணெய், பிளீச், இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே வேண்டாம்.
* மெத்தையின் அடியிலும் காற்று போக வேண்டும்.

வெளியூரில் இருந்து வந்த பெரியவர்கள், "என்ன மெத்தையில வெயிலே காட்டறதில்லையா?" என்று கேட்டால் ரப்பர் பேண்ட் கதையைச் சொல்லுங்க. அவர்களுக்கும் சட்டென்று புரிந்துவிடும்.